வாசலில் விட்ட சப்பாத்து

எழுபதுகளில் மெல்பேர்ணில் நான் சேர்ந்திருந்த மலையேறும் கழகத்தில் ஒரு பட்டியல் இருந்தது. கயிற்றின் முன்முனையைக் கட்டிக்கொண்டு முதலில் ஏறலாம் என்று கழகம் ஒப்புக்கொண்டவர்களின் பெயர்கள் அதில் இருந்தன. என் பெயரும் அதில் வரவேண்டும் என்று இரண்டு வருடம் கேட்டேன். இரண்டு முறையும் இல்லை என்றார்கள். இரண்டாம் முறை வந்த கடிதத்தில், குளிர் என் இரத்தத்தில் இல்லை என்று மிகவும் அன்பாக எழுதியிருந்தார்கள். அந்த அன்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. முரட்டுத்தனமாக மறுத்திருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

முன்னால் ஏறுவதற்கும் பின்னால் ஏறுவதற்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் வருகிறவருக்கு மேலே ஒருவர் கயிற்றை இழுத்துப் பிடித்திருப்பார். கால் வழுக்கினால் ஒரு சாண் இறங்கித் தொங்கலாம், அவ்வளவுதான். முன்னால் போகிறவருக்கு மேலே ஒன்றும் இல்லை. பாறை இடுக்கில் ஓர் இரும்பாணியை அடித்து, அதில் கயிற்றைக் கொளுவிவிட்டு அவர் போகவேண்டும். வழுக்கினால் அந்த ஆணியையும் தாண்டி விழவேண்டும். வழியைத் தேடுவது அவர், முடிவெடுப்பது அவர். நான் இரண்டு குளிர்காலம் பின்னால் போய்ப் பார்த்துவிட்டேன். இன்னொருவரின் சப்பாத்து அடியைப் பார்த்துக்கொண்டே ஏறுவதற்காக நான் பனிக்கோடரி வாங்கவில்லை.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, நகரில் ஓர் அலுவலகத்தில் வரைபடம் கீறும் வேலையில் இருந்தேன். விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து மலைகளுக்குச் சமவுயரக் கோடுகள் கீறுவோம். ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களைத் தொடுத்துப் போகும் கோடுகள் அவை. கோடுகள் நெருங்கி வந்தால் சரிவு செங்குத்து, விலகிப் போனால் தட்டை. மலைக்குப் போய் அளந்து வருவது ஆண்களின் வேலை என்று வைத்திருந்தார்கள். பெண்கள் கதிரையில் இருந்து கீறவேண்டும். ஃபெதர்டாப் மலையின் தென்பக்கத்தை நான் ஒரு மாதம் முழுவதும் கீறினேன். ஓரிடத்தில் என் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கறுப்பாகிவிட்டன. அந்தக் கறுப்பை நேரில் போய்ப் பார்க்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்க் குடும்பங்கள் கூடும் வீட்டில் ஓர் அன்ரி இருந்தார். பொம்பிளைப் பிள்ளை கயிறு கட்டி மலை ஏறி என்னத்தைக் கிழிக்கப்போகிறாள் என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். ஏறிவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன். கழகம் சொன்னதற்கும் அன்ரி சொன்னதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அன்ரி சாப்பாடாவது போட்டார்.

மூன்றாம் குளிர்காலத்தில் நாங்கள் நான்கு பேர் அந்த மலைக்குப் புறப்பட்டோம். ஒருவர் ஸ்கொட்லாந்துக்காரர், பாலம் கட்டும் பொறியியலாளர். சிறு வயதிலிருந்தே பனியில் ஏறியவர். நாங்கள் கேலியாகத் தலைவர் என்று கூப்பிடுவோம், அவருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. இன்னொருவர் உயர்நிலைப் பள்ளியில் கணக்குப் படிப்பிக்கும் ஆசிரியை, மெல்பேர்ணிலேயே பிறந்த பெண், வெடுக்கென்று பேசுவாள். மூன்றாமவர் மருத்துவமனை ஒன்றில் வேலை பார்த்த சென்னை டொக்டர். கயிற்றில் அவர்தான் என் கூட்டாளி. குளிரும் இரத்தமும் பற்றி வந்த கடிதத்தை அவரிடம் காட்டியபோது, இங்கே எல்லோருடைய இரத்தத்திலும் ஒரே சூடுதான், நான் தினமும் அளந்து பார்க்கிறேன் என்றார்.

தலைவர் பட்டியலில் இருந்தவர். ஃபெதர்டாப்பின் தெற்கு ஓடையை அவர் கண் முன்னால் நான் முன்னால் ஏறிக் காட்டினால், செப்டம்பரில் கூடும் கழகக் குழுவிடம் எனக்காகத் தானே சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தார். ஓடை என்றால் தண்ணீர் ஓடும் ஓடை அல்ல. கோடையில் சொட்டும் நீர் குளிர்காலத்தில் பாறையோடு உறைந்து ஐஸாகி நிற்கும் செங்குத்தான பிளவு. பாதி பாறை, பாதி ஐஸ். என் கோடுகள் ஒட்டிக் கறுப்பான இடம் அதுதான். அந்த வருடம் எங்களுக்கு மிச்சமாக இருந்தது அந்த ஒரு வார இறுதிதான். மூன்றாம் முறையும் இல்லை என்றால் கழகத்தை விட்டுவிடுவது என்று நான் யாருக்கும் சொல்லாமல் முடிவு செய்திருந்தேன்.

சனிக்கிழமை முழுவதும் மூட்டையைச் சுமந்துகொண்டு முழங்கால் பனியில் நடந்து, பொழுது சாய்கையில் சரிவில் இருந்த மரக் குடிசையை அடைந்தோம். என் சப்பாத்துகள் ஊறிப் போயிருந்தன. தோல் சப்பாத்து, ஆண்களின் அளவு, உள்ளே இரண்டு காலுறை போட்டால்தான் எனக்குப் பொருந்தும். வாசலில் நின்று நாடாவை அவிழ்த்தேன். சப்பாத்தைக் கழற்றி, படியின் ஓரத்தில், இரண்டையும் சேர்த்து ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே போனேன். பின்னால் வந்த டொக்டரும் தன்னுடையதைக் கழற்றி என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தார்.

இரண்டு குளிர்காலம் ஏறியவளுக்கு ஈரச் சப்பாத்தை இரவில் பனியில் விடக்கூடாது என்பதுகூடத் தெரியாதா என்று கேட்கலாம். தெரியும். அதுவரை நாங்கள் கூடாரத்தில்தான் தங்கியிருந்தோம். கூடாரத்தில் ஈரச் சப்பாத்தைப் பையில் போட்டுத் தூங்கும் உறைக்குள் காலடியில் வைத்துக்கொள்வோம், நான் ஒருநாளும் மறந்ததில்லை. ஆனால் குடிசைக்குக் கதவு இருந்தது, நிலை இருந்தது, படி இருந்தது. அது வீடு. வீட்டுக்குள் யார் சப்பாத்தோடு போவார்கள்? என் கைகள் அந்தக் கேள்வியைக்கூடக் கேட்காமல் நாடாவை அவிழ்த்துவிட்டன. மற்ற இரண்டு பேரும் சப்பாத்தோடு உள்ளே நடந்து, நிலமெல்லாம் சேறாக்கி, அடுப்பு மூட்டி, சோறு வேகும்வரை அப்படியே இருந்தார்கள். அந்தச் சேற்றைப் பார்த்து நானும் டொக்டரும் கண்ணால் பேசிக்கொண்டது இப்போதும் நினைவிருக்கிறது.

காலையில் கதவைத் திறந்தேன். நான்கு சப்பாத்தும் வைத்த இடத்தில் ஒழுங்காக இருந்தன. ஒன்றைத் தூக்கினேன், விறகுக்கட்டைபோல வந்தது. அதன் தோல் நாக்கு மடங்கவில்லை, நாடா கம்பியாக நின்றது, உள்ளே விரலை விட்டால் ஐஸ். டொக்டர் தன்னுடையதை எடுத்துப் படியில் தட்டினார். டொக் டொக் என்று கேட்டது. ஆசிரியைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தலைவர் சிரிக்கவில்லை. அவர் சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் தாழ்ந்த குரலில், மிகவும் பொறுமையாகப் பேசினார். யாருடைய குற்றமும் இல்லை, இப்படி நடப்பதுதான். இது இளகுவதற்கு இரண்டு மணித்தியாலமாவது ஆகும். ஓடை தெற்குப் பார்த்தது, பத்து மணிக்கு வெயில் பட்டு ஐஸ் இளகிக் கல் விழத் தொடங்கிவிடும். அதனால் தானும் ஆசிரியையும் இப்போதே போய் ஏறிவிட்டு வருவதாகவும், நாங்கள் இருவரும் குடிசையில் சூடாக இருக்கலாம் என்றும் சொன்னார். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். மறுபடியும் அதே அன்பு.

எனக்கு அழுகை வந்தது. அழுதால் குளிருக்காக அழுகிறாள் என்று நினைப்பார்கள் என்று அடக்கிக்கொண்டேன். அவமானமாக இருந்தது. கோபமும் வந்தது, முதலில் என் மேல்தான். பிறகுதான் அவர் சொன்னதில் ஒன்று எனக்கு இடறியது.

யாழ்ப்பாணத்தில் சூரியன் தலைக்கு மேலால் போகும். வடக்கு வெயில், தெற்கு வெயில் என்று எங்களுக்கு ஒன்றும் கிடையாது. இந்த நாட்டில் குளிர்காலம் முழுவதும் சூரியன் வடக்கே சாய்ந்து போகிறது என்பதை நான் வேலைக்காகப் படித்துத் தெரிந்துகொண்டேன். படங்களில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துத்தான் கோடு கீறுவோம். என் கறுப்பு ஓடை எல்லாப் படத்திலும் நிழலிலேயே இருந்தது. தலைவரின் நாட்டில் அது தலைகீழ். அங்கே தெற்குதான் வெயில் பக்கம். அவர் இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது, அவருக்கும் இது தெரிந்த விஷயம்தான். அவசரத்தில் பழைய ஊர்ப் பழக்கம் வாயில் வந்துவிட்டது. என் கைக்கு வந்ததுபோலத்தான்.

“அந்தச் சரிவை நான்தான் கீறினேன்” என்றேன். “அங்கே இன்றைக்குப் பத்து மணிக்கும் வெயில் வராது, மூன்று மணிக்கும் வராது. இந்த மாதம் முழுவதும் வராது. நீங்கள் உங்கள் ஊர்ச் சூரியனைச் சொல்கிறீர்கள்.”

அவர் என்னைப் பார்த்தார். கதவுக்கு வெளியே பார்த்தார். வடக்கு முகட்டுக்குப் பின்னால் வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தது. காதுவரை சிவந்து, கோடரியைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஆசிரியை அடுப்பைப் பற்ற வைத்துப் பனியை அள்ளிப் பானையில் போட்டாள்.

ஆளுக்கு ஓர் அலுமினியப் போத்தல் இருந்தது. பனியை உருக்கிக் கொதிக்க வைத்து, நான்கு போத்தலிலும் ஊற்றி, நான்கு சப்பாத்துக்குள்ளும் திணித்தோம். ஆறியதும் மறுபடி கொதிக்க வைத்தோம். டொக்டர் பக்கத்தில் குந்திக்கொண்டு தன் சப்பாத்தின் நாக்கைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“நீங்க போனா நான் வர்றேன்” என்றார். “போகலேன்னா சந்தோஷமா தூங்குறேன். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். உங்களுக்கு அப்படி இல்லைன்னு தெரியும்.”

“நான் போறன், டொக்டர்.”

“ஆமா. அதான் பிசையறேன்.”

ஒன்பது மணிக்குப் பிறகு புறப்பட்டோம். சப்பாத்து இளகிவிட்டது, ஆனால் உள்ளே ஈரம். ஓடையின் அடிக்குப் போனபோது அது நிழலில் நீலமாக நின்றது. கோடரியின் முனையால் தட்டினேன், கண்ணாடிபோலத் தெறித்தது. ஒரு கல்லும் விழவில்லை. தலைவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, நீ முன்னால் போ, நாங்கள் பின்னால் வருகிறோம் என்றார். நான் உடைக்கும் ஐஸ் எல்லாம் அவர் தலையில்தான் விழும் என்று அவருக்குத் தெரியும். அதை நான் மறக்கவில்லை.

முதல் இரண்டு கயிற்று நீளமும் நன்றாகப் போயின. சப்பாத்தின் அடியில் கட்டிய இரும்புப் பற்கள் ஐஸில் கடித்தன, பாறையில் கிறீச்சிட்டன. ஒரு கால் ஐஸில், ஒரு கால் பாறையில். என் கோடுகள் ஒட்டிப் போன இடத்துக்கு வந்துவிட்டேன் என்பது எனக்குத் தெரிந்தது. காகிதத்தில் அரை அங்குலக் கறுப்பு. இங்கே மூன்று பக்கமும் சுவர், மேலே ஒரு கீற்று வானம். உண்மையைச் சொன்னால், எனக்கு ஒரே சந்தோஷம்.

மூன்றாவது நீளத்தில் ஐஸ் மெலிந்துகொண்டே போய் நின்றுவிட்டது. அதற்கு மேல் வெறும் பாறை, அதுவும் பொடிந்து உதிரும் பாறை. ஓர் ஆணியை அடித்தேன். நல்ல ஆணி அடிக்க அடிக்கக் கணீரென்று சத்தம் ஏறும். இது மண்ணில் அடித்ததுபோல மந்தமாகக் கேட்டது, கையால் இழுத்தேன், கையோடு வந்தது. கடைசி நல்ல ஆணி என் காலுக்குக் கீழே வெகு தூரத்தில் இருந்தது. கால் விரல்கள் மரத்துவிட்டன. முழங்கால் தையல் இயந்திரம்போல அடிக்கத் தொடங்கியது.

கீழேயிருந்து தலைவர் சத்தமிட்டார். மெதுவாக இறங்கி ஆணிக்கு வா, நான் வந்து முன்னால் போகிறேன் என்றார். நியாயமான பேச்சு. நான் கண்ணை மூடி ஒரு மூச்சு எடுத்தேன். இறங்கினால் ஒருவரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். எல்லோரும் அன்பாக இருப்பார்கள். அந்த நினைப்பில் எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. முழங்கால் ஆட்டம் நின்றுவிட்டது.

இடது பக்கம் பாறை விளிம்பில் ஒரு புல் பற்றை இருந்தது. குளிரில் வேரும் மண்ணுமாக இறுகி உறைந்து கிடந்தது. அதில் கோடரியை ஓங்கிப் போட்டேன். கைவரை அதிர்ந்தது, ஆனால் அசையவில்லை.

“டொக்டர், கயிறைத் தளர்த்தி விடுங்கோ. நான் மேல போறன்.”

“போங்க. பிடிச்சிருக்கேன்.”

அந்தப் புல்லில் தொங்கி, காலின் முன்பற்களை ஒரு விரலளவு விளிம்பில் வைத்து எழுந்தேன். அடுத்த பற்றை. அதற்கு மேல் மறுபடியும் ஐஸ். அதற்கு மேல் பனி. பிறகு முகட்டில் தலையை நீட்டினேன், முகத்தில் வெயில் அறைந்தது. வடக்கிலிருந்து வந்த வெயில்.

மூன்று பேரையும் கயிற்றில் மேலே ஏற்றி முடித்ததும்தான் கால்களை நினைத்தேன். இடது கால் விரல்கள் மெழுகு நிறத்தில் இருந்தன. டொக்டர் பார்த்தார், ஆசிரியையைப் பார்த்தார். அவள் தன் கம்பளிச் சட்டையைத் தூக்கி, என் இரண்டு பாதங்களையும் தன் வெறும் வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒருவர் மேல் தெரியாமல் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் எனக்கு, பாதத்தை இன்னொருத்தியின் வயிற்றில் வைத்திருப்பதைத் தாங்க முடியவில்லை. கையை நீட்டி அவள் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினேன். அது என்ன என்று கேட்டாள். கால் பட்டதற்கு மன்னிப்பு என்றேன். பேசாமல் இரு, உன் கால் செத்த மீன் மாதிரி இருக்கிறது என்றாள். அரை மணித்தியாலம் அப்படியே இருந்தாள். விரல்களில் உயிர் திரும்பியபோது வலி தாங்காமல் நான் சத்தமாக அழுதேன். அப்போது யார் என்ன நினைத்தாலும் எனக்கு அக்கறை இல்லை. ஒரே ஒரு விரல் மட்டும் இன்றைக்கும் மரத்துத்தான் இருக்கிறது.

செப்டம்பரில் குழு கூடியது. கூட்டத்துக்கு உறுப்பினர் எல்லோரும் வரலாம், நாங்கள் நான்கு பேரும் போயிருந்தோம். தலைவர் எழுந்து ஏற்றத்தை நன்றாகச் சொன்னார், புல் பற்றையைக்கூட விடவில்லை. பிறகு, ஏன் ஒன்பது மணிவரை புறப்படவில்லை என்று குழு கேட்டபோது, சப்பாத்துக் கதையையும் சொன்னார். அவ்வளவுதான். அறை முழுவதும் சிரிப்பு. சிரித்து முடித்துவிட்டு, குழுவின் செயலாளர் கண்ணாடியைத் துடைத்தபடி, ஏற்றம் அருமையானது, ஆனால் குளிர்காலத்தில் சப்பாத்தை வெளியே விடுகிறவரிடம் மற்றவர்களின் உயிரை எப்படி ஒப்படைப்பது என்று வருத்தத்தோடு கேட்டார்.

நான் எழுந்தேன். “சப்பாத்தை வெளியே விட்டது என் பிழை. அதை இளக்கியதும் நான்தான். அன்று காலை அந்தக் குடிசையில் இன்னொரு பிழையும் நடந்தது. அதைச் செய்தவர் பட்டியலில் இருக்கிறார். அதை அவரே சொல்லட்டும்” என்றேன். சொல்லிவிட்டு உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தேன்.

தலைவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொல்லமாட்டார் என்று ஒரு கணம் எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. ஆசிரியை தொண்டையைச் செருமினாள். பிறகு அவர் எழுந்து, தென்பக்கம் வெயில் வரும் என்று தான் சொன்னதையும், அதை நம்பியிருந்தால் ஏறுவதற்கு நல்ல நிலையில் இருந்த ஓடையை விட்டு தான் என்னைக் குடிசையில் இருத்தியிருக்கக்கூடும் என்பதையும் சொன்னார். தன்னுடைய பிழையைத் திருத்தியதும் இவள்தான் என்றார். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்களில் பாதிப் பேர் அவருடைய நாட்டுக்காரர்கள், அவர்களுக்கும் தெற்குதான் வெயில் பக்கம்.

கைகளை உயர்த்தினார்கள். செயலாளர் பட்டியலை எடுத்து, எல்லோருக்கும் கீழே என் பெயரைப் பென்சிலால் எழுதினார். பேனையால் எழுதுங்கள் என்றேன். எழுதினார்.

அடுத்த குளிர்காலத்தில் அதே குடிசைக்கு ஆறு பேரை நான் கூட்டிக்கொண்டு போனேன். தலைவரும் அவர்களில் ஒருவர். பொழுது சாயும் நேரம், முழங்கால் பனி. நான் வாசற்படியில் ஏறிக் கதவுக்குக் குறுக்கே நின்றேன். என் பயணத்தில் ஒரே ஒரு விதி என்றேன். சப்பாத்தை வாசலில் கழற்ற வேண்டும், கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வரவேண்டும், பையில் போட்டு உறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கவேண்டும். சப்பாத்தோடு ஒருவரும் இந்த வீட்டுக்குள் வரக்கூடாது. டொக்டர் ஏற்கெனவே கழற்றிக்கொண்டிருந்தார். தலைவர் படியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பனியில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார்.